வீட்டை விட்டுப் போன காரணி

கட்டிலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் வாசல் வழியாக வெளியே போகும் என்று அவள் தொண்டை வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். கணவனும் அவன் தம்பியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகவே தள்ளி, நிலையில் இடித்து, பெயின்டைப் பெயர்த்த பிறகு, ஏதோ தங்களுக்கே தோன்றியது போலத் திருப்பினார்கள்.

"உள்ள கொண்டுவந்தப்பவும் இதே இடத்துலதான் இடிச்சீங்க," என்றாள் அவள். "அன்னிக்கும் நான்தான் சொன்னேன்."

கணவன் கட்டிலோடு படியிறங்கினான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்த கூத்துதான் இதற்கெல்லாம் காரணம். அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அவள் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் வேலை. எந்தப் பிள்ளை ஏன் நன்றாகப் படிக்கிறது, எந்தப் பிள்ளை ஏன் பாதியில் விடுகிறது என்று அதே குடும்பங்களை வருடா வருடம் துரத்தித் துரத்தி விசாரிக்கிற ஆராய்ச்சி. வீட்டில் புத்தகம் இருக்கிறதா, பெற்றோர் பிள்ளையோடு பேசுகிறார்களா, படிக்கத் தனி இடம் உண்டா, அடிக்கடி வீடு மாறுகிறார்களா. இதற்கெல்லாம் அங்கே 'காரணி' என்று பெயர்.

அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கவே கூடாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் எந்த பார்ட் போயிருக்கிறது என்று பார்த்து மாற்றினால் ஓடிவிடும். மகளும் அப்படித்தான் ஓட வேண்டும் என்பது அவன் கட்சி. புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தேறுகின்றன என்று கேள்விப்பட்டதும், பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு மூட்டை கலைக்களஞ்சியம் வாங்கிவந்து அடுக்கினான். அதில் பாதி, ஒரே பாகத்தின் பிரதிகள். பெற்றோர் பேசுகிற வீடு என்று கேள்விப்பட்டதும், தினமும் மகளை எதிரே உட்காரவைத்து, "சொல்லு, என்ன பேசலாம்?" என்பான். பேச ஒன்றும் அகப்படாமல் அப்பாவும் மகளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், போன ஞாயிற்றுக்கிழமை அவனைச் சீண்டுவதற்காகவே புது அறிக்கையிலிருந்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்தாள். படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் கூட இருக்கிற வீடுகளில் பிள்ளைகளின் மதிப்பெண் சற்றுக் குறைகிறது.

"இப்ப என்ன செய்யப்போறீங்க?" என்று கையிலிருந்த கரண்டியால் கொழுந்தனைக் காட்டினாள். "இதோ உக்காந்திருக்கே, இந்த பார்ட்டைக் கழட்டி வெளிய போடப்போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன்தான் அதிகம் சிரித்தான். புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தான்.

அவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். இப்போது மரச்சாமான் கடையில் கட்டில், அலமாரிகளை வண்டியில் ஏற்றிப்போய், மாடியேற்றி, பூட்டிக்கொடுத்துவிட்டு வருகிறான். மகள் தவழ்கிற வயதிலிருந்து அவர்களோடுதான் இருக்கிறான். மகளுக்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். மகள் குளிக்கப் போனால் திரும்ப ஒரு யுகமாகும், செருப்பு மாட்ட அரை யுகமாகும்.

ஞாயிறு போய்ப் புதன் வந்தது. "தம்பிக்கு ஒரு ரூம் பாத்தாச்சு," என்றான் கணவன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்று சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு ராக்கெட்டுக்கு நுழைவுத் தேர்வு. நகரத்தின் பெரிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் இடம் வேண்டுமென்றால் இந்த ஒரு தேர்வுதான் வழி. தவறினால் பழைய பள்ளியிலேயே, ராக்கெட் வாயால் சொல்லக்கூடப் பிடிக்காத கணக்குப் பதிவியல் பிரிவில் உட்கார வேண்டும். அதற்கு இத்தனை வருடமும் அந்தக் கலைக்களஞ்சிய மூட்டையைத் தூசி தட்டியிருக்க வேண்டாம்.

"பரிட்சை அன்னிக்கா ஒரு மனுஷனைக் கிளப்புவாங்க?" கட்டிலை வண்டியில் வைத்துவிட்டு மேலே வந்த கணவனை நிலைப்படியிலேயே பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் கிளப்பினா குடி முழுகிடுமா?"

"சாவி இன்னிக்குத்தான் கிடைச்சுது."

"சாவியைக் கையில வாங்கினா உடனே கதவைத் திறக்கணும்னு சட்டமா? விளையாட்டுக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, கூடப் பிறந்தவனை வெளிய அனுப்பறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"சரி, விடு."

ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவன் இந்த மூன்று நாளாக 'சரி, விடு' என்பதைத் தாண்டவில்லை. செய்தது தப்பு என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். அதில் கோபம் இன்னும் ஏறியது. எதிர்த்துப் பேசினால் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டலாம். இப்படி நின்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ராக்கெட் மேசையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் பெட்டி, சித்தப்பாவின் மின்விசிறி, சித்தப்பாவின் கிழிந்த தலையணை எல்லாம் அவளைத் தாண்டிப் போயின.

"எல்லாப் பாடமும் முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்."

"கடைசிப் பாடம்?"

"ம்."

"ராத்திரி தூங்கினியா?"

"அம்மா, நீ வேலைக்குப் போ."

கொழுந்தன் கடைசியாக வந்தான். ராக்கெட்டின் தலையில் ஒரு தட்டு தட்டினான். "ராக்கெட், நல்லா எழுதணும், என்ன?" என்றான். அண்ணியைப் பார்த்து, "வரேன் அண்ணி. பக்கத்துலதானே இருக்கேன்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்த் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்.

*

வேலை என்னவோ நின்றுவிடுமா? காலையில் ஒரு குடும்பம் பாக்கியிருந்தது. அழகு நிலையம் நடத்துகிற பெண்மணி. வீட்டில் பிடிக்க முடியாது என்பதால் அவள் கடைக்கே போய், வாடிக்கையாளர் ஒருவரின் தலையில் சாயம் பூசப்படுவதை வேடிக்கை பார்த்தபடி கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

"உங்க பையன் படிக்கும்போது வீட்ல யார் உதவி செய்யறாங்க?"

"போன வருஷமும் இதையே கேட்டீங்க."

"ஆமாங்க. வருஷா வருஷம் கேக்கணும்."

"போன வருஷமும் யாரும் இல்லேன்னுதான் சொன்னேன். அதுக்காக இந்த வருஷம் யாராவது முளைச்சா வருவாங்க?" பெண்மணி தூரிகையைக் கிண்ணத்தில் தட்டினாள். "எங்க பதிலையெல்லாம் வாங்கிட்டுப் போய் என்னதான் பண்றீங்க?"

"அறிக்கை போடறோம்."

"அதை யார் படிக்கறாங்க?"

எங்க வீட்டுக்காரர் படிக்கிறார், படித்துவிட்டுக் குடும்பத்தைக் கழற்றிப் போடுகிறார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதற்குள் கைப்பேசி அடித்தது. கணவன்தான்.

"ராக்கெட் வீட்ல இல்ல. ஃபோனை மேசை மேலயே வச்சுட்டுப் போயிருக்கா."

"இல்லேன்னா? எங்க போனா?"

"தெரிஞ்சா உன்னை ஏன் கூப்பிடறேன்? கீழ ஒரு வேலையைப் பாத்துட்டு வந்தேன். அதுக்குள்ள ஆளைக் காணோம். புத்தகத்தையும் காணோம்."

புத்தகத்தையும் காணோம் என்றதும் அவளுக்கு இடம் தெரிந்துவிட்டது. கேள்விகள் இன்னும் பாதி இருந்தன. "மிச்சத்தைத் திங்கக்கிழமை கேக்கறேங்க," என்று எழுந்தாள்.

"அதுவும் இதே கேள்விங்கதானே? போயிட்டு வாங்க," என்றாள் பெண்மணி.

*

கொழுந்தனின் புது அறை நாலாவது மாடியில். லிஃப்டின் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் தம்பி வீட்டுக்கு மூச்சிரைக்கப் படியேறுகிற தலையெழுத்தை நொந்துகொண்டே ஏறினாள். மகளைப் பார்த்ததும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாடியிலும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

கதவு திறந்திருந்தது. கட்டில் இன்னும் பூட்டப்படாமல் சுவரில் சாய்ந்திருந்தது. ஊராருக்கெல்லாம் கட்டில் பூட்டித் தருகிறவன் வெறுந்தரையில், முகத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து, ராக்கெட் படித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். மகள் உதட்டில் விரலை வைத்தாள்.

"பரிட்சை ரெண்டு மணிக்கு," என்றாள் அம்மா, ஆத்திரத்தையெல்லாம் கிசுகிசுப்பில் அடக்கி.

"தெரியும். இன்னும் அரைப் பாடம் இருக்கு."

"காலையில முடிஞ்சுதுன்னு சொன்னே."

"ம்னுதான் சொன்னேன்."

"அதை வீட்ல உக்காந்து படிக்க வேண்டியதுதானே? மேசை இருக்கு, விளக்கு இருக்கு, ஒரு சத்தம் கிடையாது."

"வீட்ல முடியலம்மா. மூணு நாளா ஒண்ணும் ஏறல."

"இங்க மட்டும் ஏறுதா? சித்தப்பா என்ன, சொல்லிக் குடுக்கறானா? தூங்கறான்."

"அதான்." ராக்கெட் செய்தித்தாள் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். "தினமும் சாயங்காலம் என் மேசைக்குக் கீழதானே படுப்பாரு. நான் எழுந்தா நாற்காலி கிறீச்சுங்கும். முழிச்சுக்குவாரு. நாளெல்லாம் அலமாரி தூக்கிட்டு வந்து படுத்திருக்காரு, பாவம். அதனால எழுந்திருக்க மாட்டேன். எழுந்திருக்க முடியாம உக்காந்தா வேற என்ன பண்றது? படிப்பேன். ரூம் பாத்ததிலிருந்து அவரு அங்க படுக்கறதே இல்ல."

அம்மா தரையில் கிடந்தவனைக் குனிந்து பார்த்தாள்.

"அவரு ஒண்ணும் கேக்கவும் மாட்டாரு," என்றாள் மகள். "நீயும் அப்பாவும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க."

மேசை உண்டா, விளக்கு உண்டா, அமைதி உண்டா, யார் உதவுகிறார்கள் என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்பாள். மேசைக்குக் கீழே யாராவது தூங்குகிறார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி அவளுக்கு யாரும் எழுதித் தந்ததும் இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கணவன் மேல் கோபம் வந்தது. இருக்கிற பார்ட்டுகளிலேயே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்தா கழற்றிப் போட்டான்?

செய்தித்தாள் நழுவியது. கொழுந்தன் கண்விழித்து, முதலில் ராக்கெட்டைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"இங்கயா வந்து உக்காந்திருக்கே? இன்னிக்குமா?" என்று பதறி எழுந்தான். "நான் இல்லாம ஒருநாள் நிம்மதியா படிச்சிருக்கக் கூடாதா? அண்ணி, வண்டி கீழதான் நிக்குது. கிளம்புங்க, கிளம்புங்க."

கடையின் சரக்கு வண்டியில் முன்பக்கம் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த ராக்கெட் கடைசி அரைப் பாடத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். முடிந்ததா, புரிந்ததா, மனசில் நின்றதா என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கேள்வி அம்மாவின் தொண்டைக்கு வந்து நின்றது. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். பிரசவ வலிகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

*

அவள் ஃபோனில் சொன்னதும் கிளம்பிவந்து, பள்ளி வாசலில் கணவன் நின்றிருந்தான். நுழைவுச் சீட்டு, தண்ணீர், புதுப் பேனாக்கள் போட்ட டப்பா எல்லாம் கையில் தயாராக இருந்தன. மகள் இறங்கியதும் ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தான். ஏன் போனாய், எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"முகத்தைக் கழுவிட்டு வரேன்," என்று ராக்கெட் வண்டிக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

"இப்ப திருப்தியா? பரிட்சைக்குப் போற பொண்ணு வீட்டை விட்டு ஓடிப்போய் ஒரு பெட்டி மேல உக்காந்து படிக்கறா. எதனால? உங்க காரணியால. ஒரு வரி படிச்சேன், அதுவும் கேலிக்கு. அதைத் தலையில வச்சுக்கிட்டு கூடப் பிறந்தவனைத் துரத்தினீங்களே, அவன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினான்? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலியே அவன். நீங்கல்லாம் அண்ணனா?"

கணவன் காலணியின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி, விடு," என்றான்.

"விட மாட்டேன். இன்னிக்கு விட மாட்டேன்."

"அண்ணி, போதும்." கொழுந்தன் வண்டியிலிருந்து இறங்கி இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். "அண்ணனைத் திட்டாதீங்க. அண்ணன் என்னைப் போகச் சொல்லல."

"அப்புறம் யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் ரூம் பாக்கச் சொன்னேன். அண்ணன் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னாரு. உங்ககிட்ட காரணம் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு, தான் சொன்னதா இருக்கட்டும்னுட்டாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். மூன்று நாளாகத் தான் கொட்டியதையெல்லாம் அவன் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. அந்தக் கரண்டி இன்னும் தன் கையிலேயே இருப்பது போல அவளுக்குக் கை கூசியது.

"அது கேலிக்குச் சொன்னது, தம்பி," என்றாள்.

"தெரியும் அண்ணி. நானும் சிரிச்சேனே. நீங்க சொன்னது கேலிதான். ஆனா அச்சடிச்சு வந்தது கேலி இல்லையே."

"அதுக்கு அப்படி அர்த்தம் இல்லப்பா. நிறைய வீட்டைச் சேர்த்துவச்சுப் பாத்தா அப்படித் தெரியுது, அவ்வளவுதான். அந்த வீடுகள்ல வேற கஷ்டம் எவ்வளவோ இருக்கும். ஒரு வீட்டைப் பாத்து, இந்த ஆளாலதான்னு அதுல சொல்ல முடியாது."

"இந்த ஆளால இல்லேன்னும் சொல்ல முடியாதுல்ல?"

முடியாதுதான் என்று அவள் தலையாட்டினாள்.

"நான் படிப்பை விட்டது என்னோட போகட்டும்," என்றான் கொழுந்தன். "அவளுக்கு என்னால ஒரு மார்க் குறைஞ்சாலும் என்னால தாங்க முடியாது. யோசிச்சுத்தான் கிளம்பினேன். அவ இன்னிக்கு நல்லா எழுதட்டும். நல்லா எழுதிட்டா நான் விலகினது சரின்னு தெரிஞ்சுபோகும். அப்படியே அங்கயே இருந்துடறேன்."

"எழுதலேன்னா?" என்றான் கணவன்.

"எழுதலேன்னா என்மேல பழியில்லேன்னு ஆயிடும். அன்னிக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன்." நியாயமாக ஒரு கணக்கைத் தீர்த்துவிட்டவன் போல அவன் சிரித்தான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ கோணல் யோசனைகளை அவள் கேட்டிருக்கிறாள். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அட பைத்தியக்காரா, அவள் மூன்று நாளாக ஒரு பக்கம் புரட்டவில்லையடா, உன் குறட்டை இல்லாமல் அவளுக்குப் படிப்பு ஏறவில்லையடா என்று கத்தத் தோன்றியது. கத்தத்தான் போனாள். அப்போதுதான் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று உறைத்தது.

ராக்கெட் வண்டியின் மறைவிலிருந்து வந்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. காவலாளி பெரிய கதவின் ஒரு பாதியைத் தள்ளிச் சாத்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ராக்கெட். "நான் நல்லா எழுதினா சித்தப்பா திரும்பி வரமாட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. நீ எதையும் நினைக்காம எழுது. சித்தப்பாவை நான் கூட்டிட்டு வரேன்."

"நீ கூப்பிட்டா வரமாட்டாரும்மா. உன் ஆபீஸ் அறிக்கை சொன்னாத்தான் வருவாரு."

"ராக்கெட், இங்க பாரு..."

"பொண்ணை உள்ள விடுங்கம்மா, கதவைச் சாத்தணும்," என்றார் காவலாளி.

ராக்கெட் சித்தப்பாவைப் பார்த்தாள். அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவள் திரும்பி உள்ளே போனாள். செருப்பு மாட்ட அரை யுகம் எடுத்துக்கொள்கிற பெண், அவ்வளவு வேகமாக நடந்து அம்மா பார்த்ததே இல்லை. மைதானத்தைத் தாண்டி, படியேறி, வராந்தாவில் மறைந்தாள். கதவின் மறுபாதியும் சாத்தப்பட்டது.

மூவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் திரும்பியவன் கணவன்தான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

சரக்கு வண்டியின் என்ஜின் மூடியின் மேல், விழாதபடி கண்ணாடியோரமாக ஒதுக்கி, பேனா டப்பா மட்டும் வைக்கப்பட்டிருந்தது.

"மறந்துட்டாளா?" என்றான் கொழுந்தன்.

அவன் அண்ணன் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தான். எல்லாப் பேனாக்களும் உள்ளேதான் இருந்தன.

"கையில குடுத்தேனே," என்றான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவ கையிலதான் குடுத்தேன்."